சூடு தாங்கும் மங்கு

ஜூலை 8, திங்கள்

வீட்டில் மங்கு இல்லை. சூப்பு மீ சாப்பிடுகிற பெரிய பீங்கான் கிண்ணங்கள், எங்கள் பேச்சில் மங்குகள், ஏழு இருந்தன. நேற்று மூன்று உடைந்தன. மீதி நான்கையும் இன்று காலை நானே கொல்லைப்புறக் கால்வாய்ச் சுவரில் அடித்து உடைத்தேன். ஜோடி கலைந்த பிறகு அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

என் மனைவி அஞ்சலை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். இடது தோளிலும் கழுத்திலும் சூப்பு பட்டுவிட்டது. சமையலறையில் வழுக்கி விழுந்து தானே மேலே ஊற்றிக்கொண்டதாக அவளே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். தாதி அதை எழுதிக்கொண்டாளாம். அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது. ஆகவே அதுதான் நடந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மகனும் மருமகளும் வீட்டுக்குள் நடக்கிற நடையைப் பார்த்தால் நான் ஏதோ கொலை செய்துவிட்டவன் போலிருக்கிறது. பின்னால் யாராவது படித்தால் என் பக்கமும் இருக்கட்டும் என்றுதான் இந்த நோட்டைத் தொடங்கினேன்.

பெயர் அய்யாக்கண்ணு. வயது எழுபத்திரண்டு. தைப்பிங் பசாரில் முப்பத்தெட்டு வருடம் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தவன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. இறைச்சி மடிக்க வாங்கிய பழைய பத்திரிகைகளைப் பார்த்துத்தான் எழுதப் படிக்கக் கற்றேன். ரத்தம் ஊறிய இடத்தில் எழுத்து மறைந்துபோகும். அதை நானே ஊகித்துப் படிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. யாருக்கும் நான் தலை குனிய வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் எலும்பு சூப்பு மீ. கல்யாணமான வாரத்திலிருந்து இதுதான் வழக்கம். முதலில் மங்கில் கொதிதண்ணீர் ஊற்றி அதைச் சுட வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மஞ்சள் மீ நூடுல்ஸ், முளைப்பயறு, மேலே கொதிக்கக் கொதிக்க சூப்பு. தட்டத்தில் வைத்துத் தூக்கி வரக் கூடாது. இரண்டு கையாலும் ஏந்தி, மேசையைச் சுற்றி வந்து, பின்னாலிருந்து என் வலது தோள் பக்கமாக முதல் மங்கை என் முன்னால் வைக்க வேண்டும். நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றவர்கள். எல்லாருக்கும் வைத்த பிறகு கடைசியில் அஞ்சலை. இதில் என்ன கொடுமை இருக்கிறது?

போன ஞாயிறு சூப்பு ஆறியிருந்தது. ஆறிவிட்டது என்று சொன்னேன். "இல்லீங்க, இப்பத்தான் அடுப்பிலேர்ந்து எடுத்தேன்" என்றாள். எல்லார் முன்னாலும் எதிர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு மங்கு என் கையில் இல்லை.

தோல் உரிந்து கொப்புளம் கிளம்பியிருப்பதாக டாக்டர் சொன்னாராம். அப்படியானால் சூடு இருந்திருக்கிறது. என் நாக்குக்கு அது தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 11, வியாழன்

இன்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வரவில்லை. மகள் புனிதவதி ஈப்போவிலிருந்து கார் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மணி ஐந்து ஆன பிறகுதான் மகன் குணசீலன் தனியாக வந்து விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

புனிதாவுக்குப் போன் போட்டேன். அம்மாவை எப்போது கொண்டுவந்து விடுகிறாய் என்று கேட்டேன்.

"அம்மா வரமாட்டாங்கப்பா."

யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்றேன்.

"அவங்களேதான் சொன்னாங்க. நீங்க உங்க வாயால, செஞ்சது தப்புன்னு ஒரு தடவை சொல்லணுமாம். வேற ஒண்ணும் வேணாமாம். சொன்னா வருவாங்க. சொல்லலன்னா கடைசி வரைக்கும் இங்கதான்."

நான் சத்தமாகப் பேசினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். என்ன பேசினேன் என்பது எழுதும்படியாக இல்லை. போனுக்குப் புதுக் கண்ணாடி போட வேண்டும். சுவரிலும் ஓர் இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது.

அவள் வருவாள். எத்தனையோ நடந்திருக்கிறது, எங்கே போனாள்? அவளுடைய வலது சுட்டுவிரல் மடங்காது. கடைக் கதவைச் சாத்தும்போது அவள் கையை எடுக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றைக்குக்கூட சாயங்காலம் சோறு வடித்தாள்.

ஜூலை 13, சனி

யோசித்துப் பார்த்ததில் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. மங்கு இல்லாத வீட்டுக்கு எப்படி வருவாள்? வந்தவுடன் ஞாயிறு சமையல் அவளுடையது. நல்ல மங்குகளாக வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, வாங்கியாயிற்று என்று சொல்லி அனுப்பினால் போதும். தானாக வருவாள். வார்த்தை கீர்த்தை எல்லாம் பிள்ளைகள் கிளப்பிவிட்டது.

மருமகள் லோகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பசார் தெருவில் இருக்கும் பீங்கான் கடைக்குப் போனேன். கடைக்காரி சியூ லான் என்ற சீனப் பெண். அறுபது வயது இருக்கும். தோட்டத்தில் பிறந்து தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். தமிழில் வசவுகூட அவளுக்குத் தெரியும்.

லோகா நேராக மெலமைன் மங்குகள் இருக்கிற பக்கம் போய் நின்றாள். "மாமா, இதை எடுத்துக்கலாம். லேசா இருக்கு. விழுந்தாலும் உடையாது."

மங்கு ஏன் விழப்போகிறது என்று கேட்டேன். கீழே பார்த்தாள். அந்தக் கீழ்ப்பார்வையில் இருக்கிற திமிர் எனக்குத் தெரியும்.

மெலமைன் என்றால் பிளாஸ்டிக்தான். அதில் சாப்பிடுவது நாய்த் தட்டில் சாப்பிடுவது மாதிரி. அது எவ்வளவு மட்டமான சாமான் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மங்கை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. மறுபடி அடித்தேன். உடையவில்லை. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு வெறி வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் தொடை எலும்பை ஒரே வெட்டில் பிளந்த கை இது. ஒரு பிளாஸ்டிக் என்னை எதிர்த்து நிற்பதா? எத்தனை தடவை அடித்தேன் என்று எண்ணவில்லை. மேசை விளிம்பின் மரம் சிலும்பிவிட்டது. கடைசி அடியில் மங்கு என் கையை விட்டுத் துள்ளிப் போய் லோகாவின் புருவத்தில் பட்டது. ரத்தம் வந்தது. அதிகமில்லை. பிளாஸ்டிக் துள்ளும், பீங்கானாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்து விழுந்திருக்கும். அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சியூ லான் ஓடிவந்து துணியை எடுத்து அவள் நெற்றியில் அழுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"அங்கிள், நீங்க சாப்பிடுற மங்கு தேடல. அடிக்கிற மங்கு தேடுறீங்க. அது என் கடையில இல்ல."

அந்தத் தெருவில் என்னை இப்படிப் பேச யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. பசாரில் ஒருவன் எடைக்கல்லைப் பற்றிக் கேள்வி கேட்டதற்கு அவன் காதைக் கையாலேயே பிய்க்கப் பார்த்தவன் நான். இவள் பெண்பிள்ளை என்பதால் விட்டேன். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வழி முழுவதும் லோகா நெற்றியில் துணியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

சூப்பு இல்லை. கடையில் வாங்கிய ரொட்டி.

குணசீலன் நேற்று இரண்டாம் ஷிப்டு. இன்று காலையில்தான் மனைவியின் நெற்றியைப் பார்த்தான். மூன்று தையல். எழுந்து வந்து என் எதிரில் நின்றான். பிளாஸ்டிக் துள்ளியதை விளக்கினேன். கேட்கவில்லை. கேட்கிற பிள்ளை இல்லை அவன். என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். என் பின்மண்டை நாட்காட்டி ஆணியில் இடித்தது. நாற்பது வயதுப் பிள்ளை அப்பனைச் சுவரில் சாத்துகிறான். நான் அவன் வயிற்றில் முழங்காலால் இடித்தேன். அவன் மடங்கினான். மடங்கியவனின் முதுகில் முழங்கையால் இரண்டு போட்டேன். வயதானாலும் கை மறக்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் எலும்பு வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். வைத்தது மட்டும்தான். யாரையும் தொடவில்லை.

லோகா அழவில்லை. கத்தியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அத்தை திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க, மாமா? இதே மாதிரிதானா?"

என் அப்பன் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். பால் வாளியாலேயே அடிப்பார். அம்மாவின் முன்பல் இரண்டு அப்படித்தான் போயிற்று. ஆனால் எங்கள் அம்மா எங்கேயும் ஓடிப்போகவில்லை என்று சொன்னேன்.

"போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

மருமகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கத்தியை எடுத்துப் போய் அதன் இடத்தில் மாட்டினேன்.

ஜூலை 16, செவ்வாய்

நான் சொன்னது நடந்தது. புனிதா குணசீலனுக்குப் போன் செய்திருக்கிறாள். வரும் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அஞ்சலை வருகிறாள். ஒரே ஒரு வேளை. சத்தமோ கையோ எழுந்தால் அந்த நிமிடமே எழுந்து போய்விடுவாளாம். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் பெட்டியை இறக்கி வைப்பாளாம். சொல்லாவிட்டால் பெட்டி காரிலேயே இருக்குமாம். குணசீலன் பாடம் ஒப்பிக்கிறவன் போல இதைச் சொன்னான். விலா எலும்பு வலிக்கிறது போலிருக்கிறது, மூச்சை விட்டு விட்டுப் பேசினான்.

பெட்டியோடு வருகிறாள் என்பதைத்தான் நான் கவனித்தேன். தங்குகிற எண்ணம் இல்லாதவள் பெட்டி எதற்கு எடுத்துவருகிறாள்?

ஜூலை 18, வியாழன்

தனியாகப் பீங்கான் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சியூ லான் மெலமைன் இருந்த அலமாரித் தட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். பீங்கான் பார்க்க வந்தேன் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டாள். ஐந்து. யார் யார் என்று கேட்டாள். அது உனக்கு எதற்கு என்றேன். யார் சாப்பிடுவது, யார் தூக்குவது என்று தெரியாமல் மங்கு கொடுக்க மாட்டாளாம்.

மனைவி தூக்குவாள் என்றேன். அவள் கை எப்படி என்று கேட்டாள். ஒரு விரல் மடங்காது என்று சொன்னேன். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை.

மங்கு பார்க்கிற விதத்தில் அவள் கெட்டிக்காரி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் அகலம் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் மீ பிதுங்கி நிற்கும், ஒன்பதுக்கு மேல் போனால் சூப்பு சீக்கிரம் ஆறும். விளிம்பு லேசாக வெளியே மடிந்திருந்தால் கட்டைவிரலுக்குப் பிடி. இதெல்லாம் எனக்கும் தெரியும். விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிப்பது நல்லது. 'டக்' என்று அடங்குவதில் கீறல் இருக்கும். ஒவ்வொன்றாகச் சுண்டினேன். இரண்டு மங்குகள் சரியில்லை, தூர வைத்தாள்.

ஆனால் அடியில் இருக்கும் வளையத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அது உயரமாக இருந்தால்தான் விரல் நுழைந்து தாங்கும், சூடு விரலுக்கு வராது என்றாள். நாங்கள் நாற்பது வருடம் வைத்திருந்த மங்குகளின் அடி தட்டையாக இருக்கும். சொன்னேன்.

"அப்ப உங்க வைஃப் நாப்பது வருஷமா சுட்டுக்கிட்டே தூக்கியிருக்காங்க" என்றாள்.

பிறகு ஒரு வேலை செய்தாள். இரண்டு மங்குகளை எடுத்து வைத்து பிளாஸ்கிலிருந்து கொதிதண்ணீரை இரண்டிலும் விளிம்பு வரை ஊற்றினாள். ஒன்று தட்டை அடி, மெல்லிய சுவர், பூப் போட்டது. இன்னொன்று கனமானது, உயர்ந்த அடி, நீலக் கோடு. இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கடை வாசல் வரை நடந்து காட்டச் சொன்னாள். முதலில் பூப் போட்டதைத் தூக்கினேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். பாதி வழியில் அதைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வாசல் வரை போனேன், அங்கே நின்றேன், திரும்பினேன், மேசைமேல் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தேன். ஒரு சத்தம் என் வாயிலிருந்து வரவில்லை. அஞ்சலை கத்தியதாக மகன் சொன்னான். கத்தாமல் இருக்க முடியும்.

கனமானதைத் தூக்கியபோது சூடு தெரியவில்லை. அதையே எடுத்துக்கொண்டேன். ஐந்து.

உள்ளங்கை இரண்டும் சிவந்து கொஞ்சம் உப்பியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். பேனா பிடிக்க முடிகிறது.

ஜூலை 20, சனி

பசாருக்குப் போய் முன்னங்கால் எலும்பும் முதுகெலும்பும் வாங்கினேன். என் கடை இருந்த இடத்தில் இப்போது இருப்பவன் கத்தி பிடிக்கவே தெரியாதவன். தள்ளச் சொல்லி நானே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மூட்டு வாய் திறந்து கொடுத்தது. எலும்பு நம்மிடம் வழக்காடாது. உள்ளங்கை வலித்தது. வெட்டி முடிக்கும்போது கத்திப்பிடி ஈரமாக இருந்தது. ஆட்டு ரத்தம் என்று நினைத்துத் துடைத்தேன், கொப்புளம் உடைந்திருக்கிறது.

சூப்பை இந்தத் தடவை நானே வைக்கிறேன். மங்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. நன்றாக இருக்கின்றன.

அந்த வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. ஐந்து மங்குகளைப் பார்த்து அவள் புரிந்துகொள்வாள்.

ஜூலை 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்குக் கார் வந்தது. புனிதா ஓட்டி வந்தாள். அஞ்சலை இறங்கும்போது கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். காயத்துக் கட்டு ரவிக்கைக்கு மேலே தெரிந்தது. பெட்டி பின்சீட்டில் இருந்தது. புனிதா காரைப் பூட்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வா என்றேன். வந்தேன் என்றாள். எல்லாரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் மேசையின் தலைப்பக்கத்தில், எப்போதும் போல. புனிதா, குணசீலன், நெற்றியில் தையலோடு லோகா. யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான் மங்குகளைக் காட்டினேன். கனத்தையும் அடி உயரத்தையும் சொன்னேன். கைக்குச் சுடாது, நான் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றேன். அஞ்சலை ஒரு மங்கைத் திருப்பி, அடி வளையத்தில் அந்த மடங்காத விரலை நுழைத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. வேற ஏதாச்சும் சொல்லணுமா நீங்க?"

சூப்பு கொதிக்கிறது, சாப்பிடலாம் என்றேன்.

மங்கை நிமிர்த்தி வைத்தாள். புனிதா எழப் போனாள். அஞ்சலை அவள் கையைத் தட்டி உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தாள். "நீங்க எல்லாம் இருங்க. நான் வைக்கிறேன்."

சமையலறையிலிருந்து சத்தங்கள் வந்தன. மங்கில் கொதிதண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதைக் கொட்டுகிற சத்தம். கரண்டி பானையில் படுகிற சத்தம். எல்லாம் முறைப்படி நடந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவள் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வந்தது. மேசையைச் சுற்றி வருகிறாள். அவள் முகத்தை நான் பார்க்க முடியாது, அது முறையில்லை, நான் முன்னால் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். செருப்பு நின்றது. என் வலது காதில் ஆவி பட்டது. மங்கின் விளிம்பு கண்ணோரத்தில் உயரமாகத் தெரிந்தது. எப்போதையும்விட உயரமாக.

நான் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடினேன். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்காலி சறுக்கியது. தரையில் விழுந்தேன். விழுந்த பிறகும் முழங்கையை முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அது என்னிடமிருந்து வந்தது என்று குணசீலன் பிறகு சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் தூக்கவும் வரவில்லை.

கையை எடுத்துப் பார்த்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மங்கு இரண்டு கையிலும் ஆடாமல் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் எழுந்து உட்காரும் வரை நின்றாள். பிறகு அதை மேசையில், என் இடத்தில் வைத்தாள்.

"இப்படித்தாங்க இருக்கும்" என்றாள். "நாப்பத்தாறு வருஷம்."

மற்றவர்களுக்கும் வைத்தாள். தன் மங்கைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். நான் முதல் வாய் குடிக்கிறேனா என்று யாரும் பார்க்கவில்லை. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஊதி ஊதி, மெதுவாக, எலும்பை உறிஞ்சி, கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டாள். அவள் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் கரண்டியை எடுத்தேன், அது மங்கில் பட்டுக் கடகடவென்றது. கீழே வைத்துவிட்டேன்.

சாப்பிட்டதும் தன் மங்கை மட்டும் கழுவிக் கவிழ்த்தாள். "வரேன் லோகா" என்றாள். கார் போய்விட்டது. பெட்டி இறங்கவில்லை.

கண்ணில் ஆவி பட்டது. அதனால்தான் கையைத் தூக்கினேன். வேறு காரணம் இல்லை.

ஜூலை 22, திங்கள்

ஆவிதான்.

ஜூலை 25, வியாழன்

குணசீலனும் லோகாவும் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார்கள். இன்று சாமான்களை ஏற்றினார்கள். குணசீலன் அலமாரியின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைத் தூக்க நான் போனேன். வேண்டாம் என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரரைக் கூப்பிட்டான். அந்த ஆளை அடித்திருப்பேன். கை எழவில்லை. உள்ளங்கை இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. புனிதா என்று நினைத்தேன். அஞ்சலை. நாற்பத்தாறு வருடத்தில் அவள் எனக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. வீட்டிலேயே இருந்தவளுக்குப் போன் எதற்கு?

சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பொய்தான்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் கையத் தூக்கினீங்களே. நான் மேல ஊத்திருவேன்னு நெனச்சீங்களா?"

அவள் காத்திருந்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"ஆமான்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு. தப்புன்னுகூடச் சொல்ல வேணாம். நாளைக்கே வரேன்."

வாயைத் திறந்தேன். அது சொல்ல முடியாத வார்த்தை இல்லை. இரண்டே எழுத்து. அதைச் சொன்னால் நான் பயந்தேன் என்று ஆகும். ஒரு பொம்பளையிடம், சூப்பு மங்குக்கு, அய்யாக்கண்ணு பயந்தான் என்று ஆகும். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வந்து, தினமும் என் முகத்தைப் பார்த்து, அதைத் தெரிந்துகொண்டே சோறு போடுவாள்.

"ஆவி பட்டுச்சு" என்றேன்.

"சரிங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள். கோபமாக வைக்கவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் திரும்பிப் போகிற மாதிரி இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

ஒரு ஆளுக்காகச் சூப்பு வைக்க முடியாது. டவுனுக்கு நடந்து போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீ சூப்பு சொன்னேன். நல்ல கூட்டம். தெரிந்த முகங்கள் சில இருந்தன, பசாரில் என்னைக் கண்டால் விலகி நடந்தவர்கள். வேலைக்காரப் பெண் மங்கைக் கொண்டுவந்தாள். எந்தப் பக்கமாக வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

சூப்பு கொட்டி மேசை நனைந்துவிட்டது. அவள் பயந்துபோய் ஏதோ கேட்டாள். முழங்கையைக் கீழே இறக்கிவிட்டு, வேறு மேசை கொடு என்றேன். சுவர் ஓரத்தில் ஒன்று காலியாக இருந்தது. முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் வர முடியாது.

இனி அங்கேதான் உட்காரப்போகிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.